கக்கத்தில் பிறக்கும் ஞாபகம்

இலங்கை மலையகத்தில் பூனாகலை போன்ற தேயிலைத் தோட்டங்களில், முதல் முறை கர்ப்பமாகி கிளினிக்குக்கு வரும் பிள்ளையிடம் மிட்வைஃப் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைசியா ஏற்பு ஊசி எப்பம்மா போட்டது?"

"ஏழாம் வகுப்புல, பள்ளிக்கூடத்துல போட்டாங்க மிஸ்."

மிட்வைஃப் மனசுக்குள் கணக்குப் போடுவார். பன்னிரண்டு வயதில் போட்டது, இப்போது வயது இருபத்துநான்கு. பத்து வருடம் தாண்டிவிட்டது. ஒரு ஊசி போட வேண்டும். வயது இருபத்தொன்று என்றால், சிறு வயதில் போட வேண்டிய ஆறு ஊசியும் பதிவில் ஒழுங்காக இருந்தால், இந்தக் கர்ப்பத்துக்கு ஊசியே தேவையில்லை. சின்ன வயதில் ஒன்றுமே போடாத பெண்ணுக்கு மட்டும் முதல் கர்ப்பத்தில் இரண்டு ஊசி, ஆறு முதல் எட்டு வார இடைவெளியில்.

ஒருத்திக்கு இரண்டு, இன்னொருத்திக்கு ஒன்று, மற்றொருத்திக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கையில் ஏறிய அரை மில்லிலீற்றர் மருந்தை ஒரு பெண்ணின் உடம்பு இன்னும் மறக்கவில்லை என்று நம்பித்தான் இந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. அந்த மருந்து எப்போதோ கரைந்து போய்விட்டது. அப்படியானால் அதை நினைவில் வைத்திருப்பது எது, அது உடம்பில் எங்கே, எந்த நாளில் பிறந்தது? இந்தக் கேள்விக்கு இன்று நம்மிடம் இருக்கும் விடையில் பெரும்பகுதி சுண்டெலிகள் தந்தது. ஏற்பு வலி என்ற டெட்டனஸின் கதையும் சுண்டெலியின் கதையும் ஆரம்பத்திலிருந்தே பின்னிக்கொண்டுதான் வந்திருக்கின்றன.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஏற்பு என்றால் என்ன என்று அதிகம் விளக்கத் தேவையில்லை. லயத்துக் காம்பராவில் பிரசவம் நடந்த காலத்தில், தொப்புள் கொடியை வெட்டியது கையில் கிடைத்த கத்தியோ பிளேடோதான். வெட்டின இடத்தில் சாம்பல், சாணம் என்று எதையாவது வைத்துக் கட்டும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. பிள்ளை முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கும். பிறகு ஒரு நாள் வாய் இறுகும். பால் உறிஞ்ச முடியாது. தொட்டாலும், சத்தம் கேட்டாலும், வெளிச்சம் பட்டாலும் உடம்பு வில்லாய் வளையும். பிறந்த மூன்றாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் இடையில் வரும் இந்த நோய்க்கு ஆளான பிள்ளைகளில் பெரும்பாலானவை, சிகிச்சை இல்லாவிட்டால், தப்புவதில்லை. தோட்டங்களில் சிசு மரணம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக அதிகமாக இருந்த நீண்ட காலத்தில் ஏற்புக்கும் ஒரு பங்கு இருந்தது. பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட அந்தப் பிள்ளைகளை யாரும் தனித்தனியாக எழுதி வைக்கவில்லை.

நோய்க்கிருமி இருப்பது மண்ணில். 1884இல் ஜெர்மனியின் ஆர்தர் நிக்கொலையர் தோட்ட மண்ணை எடுத்து சுண்டெலிகளுக்கும் முயல்களுக்கும் தோலின் கீழ் வைத்துப் பார்த்தார். அவற்றுக்கு ஏற்பு வந்தது. 1889இல் பெர்லினில், ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில், ஜப்பானியரான கிட்டசாட்டோ ஷிபசபுரோ அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். காற்று படாத இடத்தில் மட்டுமே அது வளரும் என்பதைக் கண்டுபிடித்ததுதான் அவருடைய சாமர்த்தியம். கிருமி காயத்தை விட்டு எங்கும் போவதில்லை. அது சுரக்கும் நஞ்சுதான் நரம்பு வழியே ஏறி உடம்பை முறுக்குகிறது.

அடுத்த ஆண்டு, 1890 டிசம்பரில், எமில் பெஹ்ரிங்கும் கிட்டசாட்டோவும் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். ஏற்பு நஞ்சைத் தாங்கும்படி பழக்கப்படுத்திய ஒரு முயலின் இரத்தத்தைச் சில சுண்டெலிகளின் வயிற்றில் செலுத்தினார்கள். ஒரு நாள் கழித்து அந்தச் சுண்டெலிகளுக்கு ஏற்புக் கிருமியையே ஏற்றினார்கள். அவை நலமாக இருந்தன. முயல் இரத்தம் பெறாத சுண்டெலிகள் செத்தன. காப்பு என்பது இரத்தத்தில் கரைந்து, ஒரு உயிரிடமிருந்து எடுத்து இன்னொரு உயிருக்குக் கொடுக்கக்கூடிய ஒரு பொருளாக இருக்கிறது என்று அன்று தெரிந்தது. அதைத்தான் பிறபொருளெதிரி என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெஹ்ரிங்குக்குக் கிடைத்தது. கிட்டசாட்டோவுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் முயல் இரத்தம் பெற்ற சுண்டெலியின் காப்பு நீடிக்காது. கடன் வாங்கிய பிறபொருளெதிரி சில வாரங்களில் கரைந்துவிடும். நிலையான காப்பு வேண்டுமென்றால் உடம்பே அதைச் செய்யக் கற்க வேண்டும். 1920களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் கஸ்தோன் ராமோன் நஞ்சை ஃபோமலினில் கலந்து, வெதுவெதுப்பில் வாரக்கணக்கில் வைத்து, அதன் கொடுமையை மட்டும் போக்கினார். உருவம் அப்படியே இருக்கும், நச்சு இராது. ஏற்பு ஊசியில் இன்றும் இருப்பது அப்படிப் பக்குவப்படுத்திய நஞ்சுதான். இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு அதை 1969இலிருந்து போட ஆரம்பித்தார்கள். 1978இல் நாடு முழுவதற்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது.

ஒரு விசித்திரத்தை இங்கே சொல்ல வேண்டும். ஏற்பு வந்து பிழைத்தவருக்கு அந்த நோய் எந்தக் காப்பையும் தருவதில்லை. அம்மை அப்படியில்லை, ஒரு தரம் கண்டால் ஆயுளுக்கும் போதும். ஏற்பு நஞ்சு மனிதனைக் கொல்லத் தேவையான அளவு மிகச் சொற்பம். உடம்பின் காவல் கலங்கள் கண்டு கற்றுக்கொள்ள அந்த அளவு போதாது. அதனால் பிழைத்து எழுந்தவருக்கும் ஊசி போட்டுத்தான் அனுப்ப வேண்டும். நோயிடம் கற்க முடியாததை ஊசியிடம் கற்றுக்கொள்ளும் ஒரு இடம் இது.

அம்மைக்கு ஆயுள் காப்பு உண்டு என்பதற்கு மிகப் பழைய, மிகத் துல்லியமான சாட்சியங்களில் ஒன்று, 1846இல் வட அட்லாண்டிக்கின் பரோ தீவுகளில் டென்மார்க் மருத்துவர் பீட்டர் பனம் கண்டு எழுதியது. அந்த வருடம் அங்கே சின்னமுத்து பரவி, ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் சுமார் 6,000 பேரைப் பிடித்தது. அதற்கு முன் அங்கே சின்னமுத்து வந்தது 1781இல். அப்போது நோய் கண்டு, 65 ஆண்டு கழித்தும் உயிரோடிருந்த கிழவர் கிழவியரில் ஒருவருக்குக்கூட நோய் திரும்ப வரவில்லை என்று பனம் பதிவு செய்தார். அறுபத்தைந்து வருடமாக அவர்களுக்கு நினைவூட்ட அந்தத் தீவில் நோயே இருக்கவில்லை.

எது நினைவு வைத்திருந்தது என்று கண்டுபிடிக்க மேலும் நூறு வருடம் ஆனது. 1948இல் ஸ்டொக்ஹோமில் அஸ்ட்ரிட் ஃபகிரேயஸ் என்ற பெண் ஆய்வாளர், பிறபொருளெதிரியைச் சுரப்பது பிளாஸ்மா கலங்கள் என்று நிறுவினார். 1956இல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக்கும் திமோதி சாங்கும், கோழியின் பின்புறத்தில் இருக்கும் பர்சா என்ற சிறு பையை அகற்றிய கோழிகள் பிறபொருளெதிரி செய்வதில்லை என்று எழுதினார்கள். ஒரு பெரிய சஞ்சிகை அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்ப, அது கோழி வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. அந்த பர்சாவின் முதலெழுத்துத்தான் 'பி கலம்' என்ற பெயரில் ஒட்டிக்கொண்டது. சுண்டெலிக்கும் நமக்கும் பர்சா கிடையாது. நம் பி கலங்கள் என்பு மச்சையில் பிறக்கின்றன. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்து அதன் வேலையைக் கண்டுபிடித்தார். 1968இல் மெல்பேர்னில் அவரும் கிரகாம் மிச்செலும் சுண்டெலிகளில் இன்னொன்றைக் காட்டினார்கள்: தைமஸிலிருந்து வரும் டி கலம் பிறபொருளெதிரி செய்வதில்லை, ஆனால் அதன் துணையில்லாமல் மச்சையில் பிறந்த பி கலத்தாலும் சரியாகச் செய்ய முடிவதில்லை.

ஏன் சுண்டெலி? 1921இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட ஒரு கறுப்புச் சுண்டெலி வம்சம் இருக்கிறது. அண்ணன் தங்கை இனச்சேர்க்கையாகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்ததால், அந்த வம்சத்தின் எலிகள் எல்லாம் ஒரே அச்சான இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே மரபணு கொண்டவை. ஒன்றின் கலத்தை இன்னொன்றில் வைத்தால் உடம்பு தள்ளிவிடாது. ஒரு எலியிடம் ஏழாம் நாள் பார்த்ததையும் இன்னொன்றிடம் பதினான்காம் நாள் பார்த்ததையும் ஒரே கதையின் அடுத்தடுத்த பக்கங்களாகப் படிக்கலாம். அப்படிப் படிக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எலி சாக வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

இனி ஊசி ஏறிய நாளிலிருந்து பார்ப்போம்.

மிட்வைஃப் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுக்கும் அந்தக் குப்பியைக் கவனித்தால், மருந்து தெளிந்த நீராக இராது. குலுக்கினால் அரிசி கழுவின தண்ணீரின் நிறத்தில் கலங்கும். அந்தக் கலங்கல் அலுமினிய உப்பு. நஞ்சின் துணுக்குகள் அதில் ஒட்டியிருப்பதால்தான் அவை கையில் தங்கி, மெதுவாகக் கசிந்து, உடம்பின் கண்ணில் படுகின்றன. இந்த மருந்து ஒரு தரம் உறைந்தால் கெட்டது. உப்புத் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிப்பட்டு அடியில் படிந்துவிடும். அதனால் 2 முதல் 8 பாகை செல்சியஸ் என்ற எல்லைக்குள் அதை வைத்து மலையேற்ற வேண்டும். பூனாகலை மலையில் பனி எவ்வளவு இறங்கினாலும் ஆபத்து வெளிக் குளிரில் இல்லை; ஐஸ் பொதி குப்பியில் நேரே பட்டுவிடுவதுதான் ஆபத்து. ஆய்வுகூடத்தில் சுண்டெலிக்குப் பரிசோதனைப் பொருளைச் செலுத்தும்போதும் பெரும்பாலும் இதே அலுமினிய உப்பில் படிய வைத்துத்தான் செலுத்துகிறார்கள். தாயின் கையில் நடப்பதும் எலியின் உடம்பில் நடப்பதும் ஒரே கலங்கலில் தொடங்குகின்றன.

கையில் ஏறிய பொருள் நிணநீர் வழியே கக்கத்துக்குப் போகிறது. காயம் பட்டால் நெறி கட்டுமே, அதே நிணநீர்க் கணுக்களுக்கு. மச்சையில் பிறந்த பி கலங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவ ஏற்பி ஒன்றை வெளியே நீட்டிக்கொண்டு அங்கே வந்து போய்க்கொண்டிருக்கும். அந்த ஏற்பியை எழுதும் மரபணுத் துண்டுகளை ஒவ்வொரு கலமும் தன்னிஷ்டப்படி வெட்டி ஒட்டிக்கொள்கிறது என்பதை 1976இல் சுவிற்சர்லாந்தின் பாசலில் சுசுமு டொனெகாவா, சுண்டெலிக் கருவின் மரபணுவையும் சுண்டெலிப் புற்றுக் கலத்தின் மரபணுவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஏற்பு நஞ்சை இதுவரை கண்டிராத உடம்பிலும், தற்செயலாக அதற்குப் பொருந்தும் ஏற்பியோடு சில பி கலங்கள் இருக்கும். மெல்பேர்னின் மக்ஃபார்லேன் பேர்னட் 1957இல் சொன்னது இதைத்தான்: பகைவன் வந்து கலத்துக்குப் பாடம் சொல்வதில்லை. பொருந்தும் கலம் முன்பே இருக்கிறது. பகைவனின் வருகை அதைப் பெருக வைக்கிறது.

பொருந்திய பி கலம் நஞ்சுத் துணுக்கை விழுங்கி, அதன் சிறு பகுதிகளை வெளியே காட்டும். அதை அடையாளம் கண்ட டி கலம் உதவிக்கு வரும். இங்கே பாதை மூன்றாகப் பிரிகிறது. சில கலங்கள் உடனே பிளாஸ்மா கலமாகி அவசரத்துக்குச் சுமாரான பிறபொருளெதிரியைச் சுரந்துவிட்டு, சில நாளில் சாகும். சில கலங்கள் அப்போதே, முதல் சில நாட்களிலேயே, ஒதுங்கிப் போய் ஞாபகக் கலமாகிவிடும். மீதி உள்ளே நுழைவது முளைமையத்துக்குள். 1880களில் வால்தர் ஃப்ளெமிங் நுண்ணோக்கியில் பார்த்து, கலங்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டிருந்ததால் அப்படிப் பெயர் வைத்த இடம் அது. சுண்டெலியில் ஊசி போட்ட ஏழு நாளுக்குள் அது உருவாகத் தொடங்கி, இரண்டாம் வாரத்தில் நிறைந்து நிற்கும்.

முளைமையத்தில் ஓர் இருண்ட பகுதியும் ஒரு வெளிச்சப் பகுதியும் உண்டு. இருண்ட பகுதியில் பி கலங்கள் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இரண்டாகப் பிரிகின்றன. பிரியும் ஒவ்வொரு முறையும், ஏற்பியை எழுதும் மரபணுவில் வேண்டுமென்றே பிழை செய்கின்றன. ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் விழும் அந்தப் பிழை, உடம்பின் மற்றக் கலங்களில் நடப்பதைவிட ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு அதிகம். வேறெந்தக் கலத்தில் நடந்தாலும் பேராபத்தாக முடியக்கூடிய இந்த வேலையைச் செய்யும் நொதியை ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹொன்ஜோவின் குழு கண்டுபிடித்தது. 2000இல், அந்த நொதி இல்லாத சுண்டெலிகளில் பிழையே விழுவதில்லை என்று காட்டினார்கள்.

பிழை செய்த கலங்கள் பிறகு வெளிச்சப் பகுதிக்கு வரும். அங்கே கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடப்பதைப் போன்ற ஒரு தெரிவு நடக்கிறது. ஒவ்வொரு கலமும் தான் பறித்த நஞ்சுத் துணுக்கைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நிறைய பறித்து வந்ததற்கு டி கலம் கையெழுத்துப் போடும், குறைந்ததற்கு இல்லை. கையெழுத்துப் பெற்ற கலம் இருண்ட பகுதிக்குத் திரும்பிப் போய் மறுபடி பிரியும். பெறாதது அங்கேயே சாகும். 1991இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கார்னட் கெல்சோவும் ஜோஷி ஜேக்கப்பும், கொலோன் நகரத்தின் கிளாவுஸ் ராயெவ்ஸ்கியோடு சேர்ந்து, சுண்டெலியின் மண்ணீரலை மெல்லிய சீவலாக வெட்டி, ஒற்றை முளைமையத்தைக் கிள்ளியெடுத்து, அதிலுள்ள கலங்களின் மரபணுவைப் படித்தார்கள். ஒரே தாய்க் கலத்தின் பிள்ளைகள் அங்கேயே வெவ்வேறு பிழைகளோடு பிரிந்து நின்றன. அந்த வகைப் பரிசோதனையில் அடிக்கடி தென்படும் ஒரு பிழை, ஏற்பியின் 33ஆம் இடத்தில் ட்ரிப்டோபனை எடுத்துவிட்டு லியூசினை வைப்பது. அந்த ஒரு மாற்றத்தால் ஏற்பியின் பிடிப்பு சுமார் பத்து மடங்கு இறுகுகிறது.

இந்த ஏற்பாடு எல்லா உயிருக்கும் கிட்டவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முத்துக்கருப்பனும் பிச்சப்பனும் 1970களில் நம் வேலி ஓணானை வைத்து நிர்ப்பீடன ஆய்வு செய்தவர்கள். ஓணானுக்குத் தைமஸ் உண்டு, பிறபொருளெதிரியும் செய்யும். ஆனால் ஊர்வனவற்றுக்கு முளைமையம் கிடையாது. பறவைகளும் பாலூட்டிகளும்தான் அதைப் பெற்றவை.

முளைமையத்திலிருந்து வெளியேறும் கலங்களுக்கு இரண்டு வாழ்க்கை. ஒன்று, நீண்ட ஆயுளுள்ள பிளாஸ்மா கலமாகி, என்பு மச்சையில் போய்க் குடியேறி, ஓயாமல் பிறபொருளெதிரி சுரப்பது. மற்றது ஞாபகக் கலமாகி, எதையும் சுரக்காமல், பிரியாமல், இரத்தத்திலும் மண்ணீரலிலும் சுற்றிக்கொண்டு காத்திருப்பது. யார் எதற்குப் போகிறார்கள்? மிகத் திறமையானவர்கள்தான் ஞாபகக் கலமாவார்கள் என்று பல காலம் எண்ணியிருந்தோம். சுண்டெலிகள் வேறு விதமாகச் சொன்னன. 2016இல் பிட்ஸ்பர்க்கில் ஃப்ளோரியான் வைசலும் மார்க் ஷ்லொம்சிக்கும், எந்த நாளில் பிறந்த கலம் எதுவென்று தெரியும்படி எலியின் கலங்களுக்குக் குறியிட்டுப் பார்த்தார்கள். ஞாபகக் கலங்களில் பெரும்பாலானவை முதலில், முளைமையம் இளமையாக இருக்கும்போதே பிறந்துவிடுகின்றன. நீண்டகாலப் பிளாஸ்மா கலங்கள் பிந்தித்தான் வருகின்றன. அதே ஆண்டில் ஒசாக்காவில் டொமோஹிரோ குரோசாக்கியின் குழு, பிடிப்புக் குறைந்த கலங்களே ஞாபகக் கலமாவதற்கு அதிகம் சாய்கின்றன என்று காட்டியது. டி கலத்தின் உதவி மிகக் கிடைத்த கலம் மேலும் பட்டை தீட்டப்பட உள்ளேயே நிற்கிறது. கொஞ்சமாகக் கிடைத்தது வெளியே போய் ஞாபகமாகிறது.

இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான். உடம்பு தன் ஞாபகத்தை மிகத் துல்லியமானவர்களிடம் மட்டும் ஒப்படைக்கவில்லை. நேற்றைய பகைவனுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் பிறபொருளெதிரியை மச்சையிலுள்ள பிளாஸ்மா கலங்கள் சுரக்கட்டும். நாளை அதே பகைவன் கொஞ்சம் உருமாறி வந்தால்? அப்போது வேண்டியது அவ்வளவு குறுகிப் போகாத, இன்னும் மாறக்கூடிய கலங்கள். 2011இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வெஸ்ட் நைல் வைரஸை வைத்துச் சுண்டெலிகளில் இதை நேரடியாகப் பார்த்தார்கள். வைரஸ் ஒரு இடத்தில் மாறியதும், பிளாஸ்மா கலங்களின் பிறபொருளெதிரி அதைப் பிடிக்கத் தவறியது. ஞாபகக் கலங்களில் மாறியதையும் அடையாளம் காண்பவை இருந்தன.

ஞாபகம் நீடிக்க, பழைய பொருளின் எச்சம் எங்காவது உடம்பில் தங்கியிருக்க வேண்டுமா என்பது நீண்ட நாள் வழக்கு. ராயெவ்ஸ்கியின் குழு 2000இல் அதைத் தீர்த்தது. ஞாபகக் கலம் பிறந்த பிறகு அதன் ஏற்பியையே மரபணு வழியில் வேறொன்றாக மாற்றிவிட்டார்கள். இனிப் பழைய பொருள் இருந்தாலும் அதால் பார்க்க முடியாது. அப்படியும் அந்தக் கலங்கள் வாழ்ந்தன. பரோ தீவுக் கிழவர்களுக்கு நினைவூட்ட எதுவும் தேவைப்படவில்லை என்பது இப்படித்தான் விளங்கியது.

சுண்டெலிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். மனித ஆயுளுக்கு இது பொருந்துமா? 1918இன் இன்ஃப்ளுவென்சாக் கொள்ளைக் காய்ச்சலைக் கண்டு பிழைத்தவர்கள் 32 பேரை, அவர்கள் 91 வயதையோ அதற்கு மேலோ எட்டிய பிறகு, 2008இல் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். தொண்ணூறு ஆண்டு கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் பி கலங்கள் அவர்களில் பி கலம் சோதிக்கப்பட்ட பெரும்பாலானோரின் இரத்தத்தில் ஓடின. பெரியம்மைக்குத் தடுப்பூசி குத்திக்கொண்டவர்களிடமும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஞாபகக் கலங்கள் இருப்பதை 2003இல் கண்டார்கள். மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து வைத்து, அம்மைப்பால் குத்தித்தான் நம் பாட்டன் பூட்டிமாரைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் கையில் இருந்த வட்டத் தழும்பின் உள்ளர்த்தம் இது. 2021இல் கொவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் கக்கத்து நிணநீர்க் கணுவில் மெல்லிய ஊசியால் கலங்களை உறிஞ்சியெடுத்துப் பார்த்தபோது, எலியில் கண்ட அதே முளைமையம் அங்கே மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தது.

இப்போது மிட்வைஃபின் கணக்குக்கு வரலாம். ஞாபகக் கலம் ஆயுளுக்கும் இருக்கிறது என்றால் பத்து வருடத்துக்குப் பிறகு ஊசி எதற்கு?

ஏற்பு நோய் காத்திருக்காது என்பதுதான் காரணம். காயம் பட்டு மூன்று நாளிலேயே அது தொடங்கலாம். சராசரி எட்டு நாள். ஞாபகக் கலம் விழித்துப் பெருகி, போதிய பிறபொருளெதிரி சுரக்கச் சில நாளாகும். தவிர, நோயை உண்டாக்கும் நஞ்சின் அளவு அந்தக் கலத்தைத் தட்டி எழுப்பக்கூடப் போதாமல் போகலாம். ஆகவே பிறபொருளெதிரி ஏற்கனவே இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அது மெல்லக் குறைகிறது. ஏற்பைப் பொறுத்தவரை ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகிறது என்று ஒரு நீண்டகால ஆய்வு கணித்தது. ஒரே ஒரு ஊசி போட்டால், உறங்கும் ஞாபகக் கலங்கள் ஒரு வாரத்தில் எழுந்து, ஒரு பகுதி பிளாஸ்மா கலமாக மாறி, குறைந்ததை நிரப்பிவிடும். முன்பு ஊசி போடாதவளுக்கு எழுப்ப ஆளில்லை. அதனால்தான் அவளுக்கு இரண்டு: முதலாவது ஞாபகத்தைப் பிறப்பிக்க, இரண்டாவது அதை எழுப்ப.

பிள்ளைக்கு இதில் கிடைப்பது என்ன? தாயின் ஞாபகக் கலம் நச்சுக்கொடியைத் தாண்டி பிள்ளைக்குப் போவதில்லை. போவது பிறபொருளெதிரி மட்டும். பெர்லினில் முயலிடமிருந்து சுண்டெலிக்குக் கைமாறியதே இங்கே தாயிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறுகிறது, அதுவும் சில மாதம்தான் நிற்கும். தாயின் கலங்கள் எழுந்து சுரக்கவும், சுரந்தது பிள்ளையிடம் போய்ச் சேரவும் அவகாசம் வேண்டும் என்பதால் ஊசி பிரசவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஏறியிருக்க வேண்டும். பிள்ளையின் சொந்த ஞாபகம் பிறப்பது இரண்டாம் மாத ஊசியில். பிறகு நாலாம் மாதம், ஆறாம் மாதம், பதினெட்டாம் மாதம், ஐந்து வயது, பள்ளியில் பன்னிரண்டு வயது.

பிரசவம் வைத்தியசாலைக்குப் போனதாலும் தாய்மாருக்கு ஊசி கிடைத்ததாலும், பச்சைப் பிள்ளைகளின் ஏற்பு இன்று தோட்டங்களில் இளம் தலைமுறைக்குத் தெரியாத நோயாகிவிட்டது. மழையில், வழுக்கும் படிக்கட்டில், குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு லயம் லயமாக ஏறிய மிட்வைஃப்மாருக்கு நாம் பட்ட கடன் பெரியது.

ஆனால் ஞாபகம் பரம்பரையாக வராது. எஞ்சியிருக்கும் ஏற்பு இப்போது பெரும்பாலும் பெரியவர்களைத்தான் பிடிக்கிறது. தாய்மாருக்குக் கர்ப்பம் என்ற காரணத்தால் கிளினிக்கும் கணக்கும் உண்டு; ஆண்களுக்கு அந்தக் கணக்கை வைப்பார் யாருமில்லை. 1978க்கு முன் லயத்தில் பிறந்த பலருக்குச் சிறு வயது ஊசிகள் முழுதாகக் கிடைத்திருக்காது. அவர்களில் பலர்தான் இன்று ஓய்வு பெற்றபின் வாசலில் சாணி போட்டு மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள். இளைய ஆண்கள் கவ்வாத்துக் கத்தியோடும் மண்வெட்டியோடும் தினமும் மண்ணில் நிற்கிறவர்கள்.

அவர்களுக்காக இரண்டு விஷயம். மண்ணோ சாணமோ பட்ட காயமென்றால், உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, கடைசி ஊசிக்கு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அன்றே ஏற்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சுத்தமான சிறு காயமென்றால் எல்லை பத்து வருடம். முன்பு ஊசியே போடாதவர் அல்லது போட்டாரோ என்று தெரியாதவர், காயம் சிறிதென்று விடாமல், அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு ஊசியோடு முடியாது. மற்றது, 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையிலும் 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் நடந்தது போல மண்சரிவில் வீடு போனால் ஊசி அட்டையும் போகும். அட்டை தொலைந்தது, தவணை தப்பியது என்று வெட்கப்பட்டு கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். முன்பு போட்ட ஊசியின் ஞாபகக் கலங்கள் உடம்பில் இருக்கவே இருக்கும். இடைவெளி எவ்வளவு நீண்டாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டு ஆண்களிடம் இன்றே கேளுங்கள்: கடைசியாக ஏற்பு ஊசி எப்போது போட்டது?